பித்தளைச் சருவத்தில் தயிர்

பாலிலும் தயிரிலும் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, செம்பும் ஈயமும் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பதே என் உத்தியோகம். சுனாமி முகாம்களுக்கு வந்த பால்மாவுக்கும் மாதிரி எடுத்து மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டேன். முடிவு வருவதற்குள் பிள்ளைகள் குடித்து முடித்திருந்தார்கள். நல்லவேளை, குறையேதும் இருக்கவில்லை. போர் முடிந்த வருடம் ஓய்வு பெற்றேன். ஆனால் செம்பை நான் முதலில் பரிசோதித்தது எட்டு வயதில், எந்தப் படிவமும் நிரப்பாமல்.

அக்காவைப் பெண்பார்க்கக் களுதாவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வாவியைக் கடந்து வருவதாக இருந்தது. முன்பு வந்த இரண்டு இடங்கள் சரிவரவில்லை. எருமைத் தயிர் இல்லாமல் விருந்தாளிக்குச் சோறு போடுவது எங்கள் பக்கத்தில் அவமதிப்பு. அம்மா மண்சட்டியில் தயிர் உறையவைத்திருந்தார். கரிபிடித்த சட்டி சபைக்கு ஆகாது என்று நானே முடிவெடுத்து, பழைய பித்தளைச் சருவத்தைப் புளியும் மணலும் போட்டு உள்ளும் புறமும் பொன்னாகத் தேய்த்தேன். உள்ளே மிஞ்சியிருந்த வெள்ளீயப் பூச்சும் அதோடு போயிற்று. முதல்நாள் மாலையே தயிரை அதற்கு மாற்றி, யாருக்கும் சொல்லாமல் மூடிவைத்தேன்.

காலையில் இரண்டு அகப்பை களவாகத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் வேலியோரம் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தின்ட நீ, சொல்லு புள்ள" என்றார் அம்மா.

சொன்னேன். ஓடிப்போய் மூடியைத் திறந்தார். பித்தளையிலிருந்த செம்பைப் புளித்த தயிர் கரைத்திருந்தது, ஓரமெல்லாம் பச்சை. அடி விழும் என்று கண்ணை மூடினேன். அம்மா என்னை இறுகக் கட்டிக்கொண்டார். தயிர் வாழையடிக்குப் போயிற்று. வேறு தேட நேரமில்லை. தோணி கரைக்கு வந்துவிட்டது.

பந்தியில் சோறு முடியும் நேரம் அம்மா சுவரைப் பார்த்தபடி, "தயிர் பழுதாப் போயித்து, மச்சாள்" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் வெளிறிப்போன என் முகத்தைப் பார்த்தார். கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த சருவத்தையும் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு கா. எனக்குத் தயிர் ஒத்துவாறல்ல. தின்டா தடிமன் புடிச்சிரும்."

அம்மா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. அவர்கள் நாள் குறித்துவிட்டுத்தான் தோணி ஏறினார்கள்.

கல்யாணத்தன்று அந்த மாமி மூன்று தரம் தயிர் கேட்டு வாங்கினார். மாமிக்குத் தடிமன் வருத்தம் சுகமாகிவிட்டது என்று நான் பந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.