காதால் வைத்த டைமிங்

என் வீட்டுக்காரர் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவரை யார் கணக்கையும் நம்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு தன் காதை மட்டும் நம்பத் தொடங்கினார். எல்லாம் வாசலில் நிற்கும் அந்தப் பழைய பெட்ரோல் வேனால் வந்தது.

வேன் என்று நான் சொல்வேன். அவருக்கு அது கேம்பர். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்க் கேன், ஜன்னலுக்கு என் பழைய சேலையில் தைத்த திரை. ரயிலடிப் பக்கம் தம்பானூரில் கிடைக்கிற ஆக மட்டமான லாட்ஜ் அறைகூட இதைவிடப் பெரிது, பாத்ரூமும் உண்டு என்று நான் சொல்லிக்காட்டாத பயணம் கிடையாது. ஆனால் ஒரு பயணத்துக்கும் நான் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு வண்டிக்குச் சீராட்டு. எஞ்சின் என் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஆயில் பார்ப்பார், பிளக்கைக் கழற்றித் தேய்ப்பார், பாயிண்ட் இடைவெளியைத் தகடு விட்டு அளப்பார். கடைசியாக, நடை சாத்துகிற பக்தியோடு, டைமிங். பெட்ரோலில் பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்கிற டிஸ்ட்ரிபியூட்டரை, ஒரு நட்டைத் தளர்த்திவிட்டுக் கையால் மயிரிழை திருப்ப வேண்டும். பொறி சீக்கிரம் விழுந்தால் வண்டி துள்ளும். ரொம்பச் சீக்கிரம் விழுந்தால் ஏற்றத்தில் எஞ்சினுக்குள் அடிக்கும், தகர டப்பாவில் கடுகைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அவருடைய முறை எளிது: அந்தச் சத்தம் கேட்கிறவரை முன்னால் தள்ளு, கேட்டதும் கொஞ்சம் பின்னால் எடு. விளக்கு அடித்துப் பார்க்கிற கருவியெல்லாம் காது இல்லாதவர்களுக்கு என்பது அவர் தீர்ப்பு.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவர் முன்னால் தள்ளிக்கொண்டே போனார். பின்னால் எடுக்கவே இல்லை. பேரூர்க்கடை ஏற்றத்தில் என் சீட்டுக்கு அடியில் கடுகு குலுங்குகிறது, இவரோ ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறார்.

"எஞ்சின் பாடுகு பாத்தியா?"

"பாடல, அடிக்கு. உங்களுக்குக் கேக்கலியா?"

"மிக்ஸி சத்தம் கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுப் போச்சு, கேட்டோ."

கரமனையில் நாங்கள் டயர் மாற்றப் போகிற பட்டறைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேச்சி, இப்படியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாவும். இதுக்கு இனி சாமானும் கிட்டாது. சார்ட்ட பறயணும்" என்றார். பறையாமல் இருப்பேனா? சாதம் போடும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. எஞ்சின் போனால் வண்டி போகும். வண்டி போனால் இந்த மனுஷன் காலையில் எதற்காக எழுந்திருப்பார்? நாள் முழுக்க டிவி செய்திக்காரர்களோடு சண்டை போடுகிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்ற சுயநலமும் அதில் இருந்தது.

இந்த நிலையில்தான் மலைமேல் தேயிலைத் தோட்டம் இருக்கிற போனக்காடு போகலாம் என்றார். வழியில் வித்துராவில் டீயும் பழம்பொரியும் சாப்பிட்டோம். வனத்துறை செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கடுகும் தொடங்கியது. இரண்டு வளைவு போவதற்குள் அது கடுகாக இல்லை, கொட்டைப்பாக்காகிவிட்டது.

"நிப்பாட்டுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே இழுக்கு."

"எனக்கு வாந்தி வருது."

நிறுத்தினார். எனக்கு வாந்தியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. இறங்கி, என் சீட்டை நானே தூக்கி, ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "பின்னால எடுங்க. எடுக்காம நான் ஏறமாட்டேன். நடந்தே வித்துராவுக்குப் போயிருவேன்." முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் திருப்பினார். ஏறிப் பார்த்தோம், இன்னும் அடித்தது. மறுபடி நிறுத்தச் சொன்னேன், மறுபடி திருப்பினார். அதற்கப்புறம் சத்தம் அடங்கியது. வண்டி அலுங்காமல் ஏறியது. "காத்து குளுந்துட்டுல்லா, அதனாலதான்" என்றார் அவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

மேலே, தேயிலைக்கு நடுவே ஒரு சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மரத்துக்கு மரம் சில்வண்டுகள் கத்தித் தீர்த்தன. பக்கத்தில் இருப்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டும்போல இருந்தது. அவர் இறங்கி, சோம்பல் முறித்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார்.

"ஆகா, என்ன நிசப்தம்!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து, "எதுக்குச் சிரிக்க?" என்றார். முகத்தில் கிண்டலே இல்லை.

"சில்வண்டு கத்துதுங்க."

"எங்க?"

"எல்லா மரத்துலயும்."

ஒரு காதைக் காட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு மற்றக் காதை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மாதக்கணக்காக அவர்மேல் சேர்த்து வைத்திருந்த எரிச்சலெல்லாம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்போ எஞ்சின் அடிச்சதும் நெசந்தானா?"

"ஆமா."

"நான் உன் காதையில்லா கொற சொன்னேன்."

"சொன்னியதான். நான் அடுப்ப பத்த வைக்கேன், டீ போடுவோம்."

நான் பாலைக் கொதிக்க வைத்தபோது அவர் சீட்டைத் தூக்கிக் குனிந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் பின்னால எடுக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம், இப்போது சரியாக இருக்கிறது என்றேன். நட்டை முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். டீயை வாங்கியவர் குடிக்காமல் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் கத்துதா?"

"கத்துது."

"நிக்கும்போது சொல்லு" என்றார்.