வாத்துக்காரி காட்டாத மூலை

ராக்கம்மாள் நானூறு வாத்துகளோடு தார்ச்சாலையைக் கடக்கும்போது கம்பம் போகிற பேருந்துகூட நின்றுதான் போகவேண்டும். நுனியில் வெள்ளைப் பை கட்டிய மூங்கில் கம்பை ஒரு தட்டு தட்டினால் கூட்டம் நிற்கும். இரண்டு தட்டினால் நகரும். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினால், "பொறு சாமி, இதுகளுக்கும் வீட்டுல சோலி கெடக்கு" என்பாள்.

பத்தொன்பது வயதில் சின்னக்கருப்புவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு வாத்து என்றாலே பயம். கல்யாணமான முதல் வாரத்திலேயே பன்னிரண்டு வாத்துகளை அடுத்தவன் கூட்டத்தில் கலக்கவிட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அதெல்லாம் இருபது வருசத்துக்கு முந்திய கதை. இப்போது லோயர் கேம்ப் தொடங்கி தேனி வரைக்கும் எந்த வயலில் அறுப்பு முடிந்தது, எதில் நத்தை கிடக்கும், எதில் மருந்து அடித்த ஈரம் இன்னும் காயவில்லை என்பதெல்லாம் அவள் கால்களுக்குத் தெரியும்.

வாத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "எங்கன மேயுது?" என்று யார் கேட்டாலும் மேய்கிற இடத்தைக் காட்டக்கூடாது. கை எப்போதும் எதிர்த்திசையில் நீளவேண்டும். அதைப் பொய் என்று அவர்கள் யாரும் நினைப்பதில்லை.

ராக்கம்மாள் அப்படி மறைத்த இடங்களில் முதன்மையானது சங்கிலிக் கண்மாயின் தென்மூலை. சீமைக்கருவேல முள்ளுக்குப் பின்னால், சித்திரை வெயிலிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கு அவள் வைத்த பெயர் கஞ்சித்தொட்டி. வயல்கள் காய்ந்து போகிற இரண்டு மாதமும் அவளுடைய வாத்துகள் உயிர் பிழைப்பது அங்கேதான். அவை மட்டுமல்ல, நீர்ப்பறவைகளும்தான். அரிவாள்மூக்கன் கூட்டமாக இறங்கும். சிவந்த நீளக்கால் உள்ளானை அவள் 'குச்சிக்காலி' என்பாள். தாமரை இலைமேல் இலைக்கோழி நடப்பதைப் பார்த்தால், துவைத்துக் காயப்போட்ட சேலையை மிதித்துவிடக்கூடாதே என்று நடப்பது போலிருக்கும்.

தை மாதத்தில் ஜெபராணி வந்தாள். தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர் மகள். நீர்ப்பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கையில் இந்தப் பக்கத்துக் கண்மாய்கள், குளங்கள் எல்லாம் அச்சடித்த பெரிய வரைபடம். பறவை இறங்குகிற இடத்துக்குப் பச்சை ஸ்டிக்கர். ஆட்கள் மேய்க்க, மீன்பிடிக்க, கோரை அறுக்கப் போகிற இடத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர். இரண்டு ஸ்டிக்கரும் சேர்ந்து விழுகிற கண்மாயை, குளத்தை முதலில் காப்பாற்றவேண்டும் என்பது திட்டம்.

"எங்கனக்கா பறவை நெறைய எறங்குது? நீங்க எங்கன மேய்ப்பீக?"

ராக்கம்மாளின் கை தானாகவே எதிர்த்திசையில் நீண்டது. "புளியங்குளந்தான் டீச்சர். அங்கனதான் ஊர்ப்பட்ட பறவை."

புளியங்குளம் ரோட்டோரம் கரை உடைந்து கிடக்கிற குளம். அங்கே காற்றடித்தால் பாலிதீன் பைகள்தான் வந்து இறங்கும். சின்னக்கருப்பு சிரிப்பை அடக்க முடியாமல் வாத்துப் பட்டிக்குள் குனிந்துகொண்டான்.

சித்திரையில் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திங்கட்கிழமை சங்கிலிக் கண்மாயைத் தூர்வார ஜேசிபி வருகிறது. வெட்டுகிற மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் பேச்சு. ஜெபராணி சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் பேனாவை வைத்தாள்.

"பச்சையும் விழுகல, மஞ்சளும் விழுகல. தென்மூலை சும்மா கெடக்கு. இங்கன கொட்டுனா யாருக்கும் நட்டமில்ல."

ராக்கம்மாள் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள். எழுந்திருக்கலாம் என்றால் இரண்டு வரிசை முன்னால் முத்துராஜா உட்கார்ந்திருக்கிறார். கெங்குவார்பட்டிக்காரர். அறுநூறு வாத்துகளை மினி லாரியில் ஏற்றி வருகிறவர். ஆறு வருசமாக ஒரே கேள்விதான் கேட்பார்: "உன் வாத்து மட்டும் என்னத்தத் தின்னு இம்புட்டு முட்டை விடுது ஆத்தா?" அவளும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள்: "என் மூஞ்சியப் பாத்து விடுதுண்ணே."

சொன்னால் ரகசியம் போகும். சொல்லாவிட்டால் மூலையே போகும்.

"மண்ணைக் கொட்டி மூடிப்புடுவாகல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தாள். "டீச்சர், நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிப்புட்டேன். என் வாத்து மேயுறது, பறவை எறங்குறது எல்லாம் அந்தத் தென்மூலையிலதான்."

முத்துராஜா தொடையில் ஓங்கி அடித்தார். "ஆறு வருசம் ஆத்தா! ஆறு வருசம் என்னைய ஊரு ஊராச் சுத்தவிட்டியே!" என்றவர், ஏதோ நினைவு வந்தவராகக் குரலை இறக்கினார். "டீச்சர்... நானும் புளியங்குளம்னுதான் சொல்லியிருக்கேன்."

பின்வரிசையில் வியாகுலமேரி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பாய்க்குக் கோரை அறுத்து விற்கிறவள். "மாதாவே, நானும் அங்கனதான் அறுக்குறேன்னு சொல்லி வச்சேன்."

கூடம் இடிந்துவிழுவது போலச் சிரித்தது. ஜெபராணி வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தாள். புளியங்குளத்தின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களில் குளமே தெரியவில்லை.

"மூணு தடவ அங்க போனேன்" என்றாள். "ஒரே ஒரு கொக்கு நின்னுச்சு. அதுவும் என்னையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சேன்க்கா!" கோபப்படத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை. சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊராட்சித் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னைக்குச் சொல்றது நெசம்னு எதை வச்சு நம்புறது?"

"என்னைய நம்பாதீக" என்றாள் ராக்கம்மாள். "என் வாத்தை நம்புங்க. அதுகளுக்குப் பொய் சொல்ல வராது."

கூட்டம் முழுவதும் பட்டிக்கு நடந்தது. சின்னக்கருப்பு வலையைத் தூக்கினான். எத்தனையோ வருசமாக, யாரும் பார்த்துவிடாமல் சுற்றுவழியில் ஓட்டிப்போனவள், இன்று கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். வாத்துகள் இடப்பக்கமும் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. நானூறும் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு நேராக ஓடின. பின்னால் ஊரும், வேட்டியை மடித்துக்கட்டிய தலைவரும்.

முள் இடுக்கைத் தாண்டியதும் தண்ணீர் தெரிந்தது. அரிவாள்மூக்கன்கள் கறுப்பாக எழும்பி, ஒரு வட்டம் போட்டு, வந்தது வாத்துதான் என்று கண்டதும் திரும்ப இறங்கின. குச்சிக்காலிகள் நகரவேயில்லை. ஜெபராணி நோட்டைத் திறந்து எண்ணத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வியாகுலமேரி நேராகக் கோரைப் புதரை நோக்கி நடந்தாள். அவள் அறுத்துவிட்டுப் போன தட்டைகள் வரிசையாக நின்றன. ராக்கம்மாள் வருசா வருசம் அதைப் பார்த்திருக்கிறாள்.

"மாடு மேஞ்சதுன்னுல நெனச்சேன்!"

"நான் மட்டும் என்ன, வாத்து எச்சத்தைப் பாத்துட்டு காட்டுவாத்துன்னு நெனச்சேன்" என்றாள் வியாகுலமேரி.

தலைவர் குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "சரி, மண்ணு இங்கன வேணாம். எங்கனதான் கொட்டுறது?"

ஜெபராணி வரைபடத்தை முள்செடியில் மாட்டி, புளியங்குளத்து ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்டிக்கரில் கை நின்றது. "அங்கதான் கரை உடைஞ்சு கெடக்கே. இந்த மண்ணைப் போட்டுக் கரையக் கட்டுனா தண்ணி நிக்கும். ரோட்டோரத் தோட்டத்துக் கெணறும் ஊறும். ரெண்டு மழை பேஞ்சா, நீங்க எல்லாரும் சொன்ன பொய்யி நெசமாவே ஆயிரும்."

அந்தக் கடைசி மஞ்சளை மட்டும் அவள் உரிக்கவில்லை.

மறுநாள் காலையில் முத்துராஜாவின் மினி லாரி கஞ்சித்தொட்டிக்கு வந்துவிட்டது. ராக்கம்மாள் எதிர்பார்த்ததுதான். காலையில் அவளுக்கு, வெயில் சாய்ந்தபின் அவருக்கு என்று பேசி முடிப்பதற்குள் ஆயிரம் வாத்துகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பத்தொன்பது வயதில் வரப்பில் உட்கார்ந்து அழுதவள் இந்த முறை கம்பைக்கூடத் தூக்கவில்லை. கரையேறி நின்று, "த்தா, த்தா, த்தா" என்று குரல் கொடுத்தாள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது போல அவளுடைய வாத்துகள் கழன்று வந்தன.

முத்துராஜா விரல் நீட்டிக் கத்தினார். "ஏலே, நில்லுங்க! ஆத்தா, என்னோடது மூணு ஒன் பின்னால வருது பாரு!"

ராக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். அடையாளத்துக்கு முத்துராஜா காலில் சிவப்பு நூல் கட்டிவிட்ட மூன்று வாத்துகள், மற்றவற்றைவிட வேகமாக வந்துகொண்டிருந்தன.

"நான் என்னண்ணே பண்ண" என்றாள். "என் மூஞ்சியப் பாத்து வருதுக."