மடங்காத இறக்கை

முதலில் அதை நோய் என்று நான் நினைக்கவில்லை. தங்கச் சுரங்கப் பகுதியான ஊரிகத்தில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லருகே தேங்கிய தண்ணீரில் விளையாடிவிட்டு வந்த வாத்துக் குஞ்சு உடம்பை உதறியது. வலது இறக்கை மடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. இடது இறக்கையின் நுனி மட்டும் வெளிப்பக்கம் திரும்பி நீட்டிக்கொண்டு நின்றது. ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையிலும் அப்படியேதான் இருந்தது.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. என் கணவர் டேனியல் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பேத்தமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் அவருடைய நண்பர் ஒருவர், அட்டைப்பெட்டியில் இரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம். மற்றதை, கணவரை இழந்து, அருகிலுள்ள நந்திதுர்க்கில் தனியாக இருந்த டேனியலின் அக்கா ரோஸிக்குக் கொடுத்தோம்.

இரண்டையும் டேனியல் ஆசையாகத்தான் கவனித்தார். கேன்டீனில் தனக்குக் கொடுக்கும் பன்னைத் தின்னாமல் கொண்டுவருவார். கறிக்கோழிக்குப் போடும் தீவனமும் வாங்கி வைத்திருந்தார். அக்கா வீட்டுக்கும் அதே தீவனம், அதே பன். குஞ்சுகள் கண்ணெதிரே கொழுத்தன.

குஞ்சைக் கூடையில் வைத்து ராபர்ட்சன்பேட்டைக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். கால்நடை மருத்துவர் கன்னடக்காரப் பெண்மணி. தமிழ் நன்றாகப் பேசினார். இறக்கையை மெதுவாக விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார். என்ன தீனி என்று கேட்டார். டேனியல் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்கு ஏஞ்சல் விங் (இறக்கை நுனி வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும் கோளாறு) என்று பெயராம். தீனியில் சத்து மிஞ்சினால் குஞ்சு வேகமாக வளர்கிறது. எலும்பு அந்த வேகத்துக்கு உறுதிப்படுவதில்லை. அந்த நேரத்தில் இரத்த இறகுகள் (வளரும் பருவத்தில் தண்டுக்குள் இரத்தம் ஓடும் இறகுகள்) முளைத்துக் கனக்கின்றன. அந்தக் கனத்தைத் தாங்காமல் மணிக்கட்டு மூட்டு (இறக்கையின் கடைசி மடிப்பு) திரும்பிவிடுகிறது.

"எலும்பு இன்னும் இளசா இருக்கு, சரியான நேரத்துல வந்தீங்க," என்றார் மருத்துவர். "இப்ப கட்டினா உள்ள திரும்பிடும். பன்னு மட்டும் பேடா, வேண்டாம்."

கட்டும் முறையை அவரே செய்து காட்டினார். இறக்கையை இயல்பாக மடக்கி, மெல்லிய துணிப்பட்டையால் இறக்கையை மட்டும் சுற்ற வேண்டும். மார்பைச் சுற்றி இறுக்கக் கூடாது, மூச்சு முட்டும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து, இறக்கையை அசைத்துவிட்டு, தோல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். நறுக்கிய கீரை, தவிடு, புல்லில் நடை. இவ்வளவுதான் வைத்தியம். ஒரு வாரம் போல ஆனது. கட்டை அவிழ்த்த நாளில் எங்கள் வாத்து உதறிக்கொண்டது. இரண்டு இறக்கையும் ஒன்றுபோல மடங்கின.

அக்காவுக்கு உடனே சொல்லி அனுப்பியிருந்தோம். பன்னை நிறுத்தச் சொல்லி, இறக்கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தார் டேனியல். நல்லாத்தான் கீது என்று பதில் வந்தது. டேனியலுக்கு செகண்ட் ஷிஃப்ட், எனக்குப் பள்ளியில் பரீட்சை. சில வாரங்கள் கழித்துத்தான் நந்திதுர்க் போக முடிந்தது.

அக்காவின் வாத்து எங்களைப் பார்த்து ஓடிவந்தது. இரண்டு இறக்கை நுனிகளும் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், வாத்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். அவர் வேறு வாத்தை அருகிலிருந்து பார்த்ததில்லை.

"பாரு தம்பி, கோயில்ல கீற தேவதூதர் மாதிரி நிக்குது," என்று சிரித்தார்.

டேனியல் சிரிக்கவில்லை. வாத்தைத் தூக்கி இறக்கையைத் தடவினார். சரி பண்ணிக் கொண்டு வருகிறேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார்.

மருத்துவர் இந்த முறை நீண்ட நேரம் பார்க்கவில்லை. எலும்பு முற்றிவிட்டது, இனிக் கட்டிப் பயனில்லை என்றார். வலி இருக்காது, நடக்கும், நீந்தும், முட்டையும் இடும். நீண்ட இறகுகள் கம்பியில் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் டேனியல் துணியைக் கிழித்தார்.

"டாக்டர் வேணாம்னாங்களே," என்றேன்.

"வளைஞ்ச ஷாஃப்டையே நிமித்துறோம். இது இன்னா பெருசு?"

கட்டினார். அவிழ்த்ததும் நுனி பழையபடி வெளியே போனது. அடுத்த முறை இன்னும் இறுக்கினார். நான் சொல்லிப் பார்த்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. குஞ்சைக் கொடுத்தது தன் கை, பன்னைக் கொடுத்ததும் தன் கை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

வாத்து தீனியைக் குறைத்தது. பிறகு தட்டுக்கு முதுகைக் காட்டி மூலையில் உட்கார ஆரம்பித்தது. இதே நிலையில் வாத்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: அது கத்தாது, தள்ளிப்போய் உட்காரும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். அவர் குரல் கேட்டும் வாத்து எழவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து தானே கட்டை அவிழ்த்தார். இறக்கைக்கு அடியில் தோல் வழன்று, சிவந்து, நீர் வடிந்தது.

"இன்னும் கொஞ்ச நாள், அக்கா. விட்டுட்டா அப்படியே நின்னுடும்," என்றார் டேனியல்.

"நிக்கட்டுமே. நடக்குது, துன்னுது, நான் கூப்டா வருது. எனக்கு இது போதும் தம்பி. குடுத்துடு."

டேனியல் உள்ளே போய் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு ஆறவைத்து எடுத்துவந்தார். அக்கா வாத்தைப் பிடித்துக்கொள்ள, அவர்தான் புண்ணைக் கழுவினார்.

மருத்துவர் களிம்பு கொடுத்தார், கோபித்துக்கொள்ளவில்லை. புண் ஆறிய பிறகு நீண்ட இறகுகளின் நுனியைக் கத்தரித்துக் காட்டினார். முற்றிய இறகை வெட்டலாம், நகம் வெட்டுவதுபோல. இரத்தம் ஓடும் இளம் இறகை வெட்டக் கூடாது.

அதன் பிறகு வகுப்பில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது என் கண் தானாக அவர்களின் முதுகையும் காலையும் பார்த்துப் போகிறது. ஒரு வாரம் என்பது எனக்குச் சம்பளத் தேதிக்கும் பரீட்சைக்கும் இடையில் ஓடிப்போகிற ஒன்றாக இருந்தது. வளர்கிற உடம்புக்கு அது எவ்வளவு நீளம் என்று இப்போது தெரிகிறது.

கடைசியாக நந்திதுர்க் போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. வாத்து வாசலில் நனைந்துவிட்டு உள்ளே வந்து உதறியது. இறக்கையில் மடங்கக்கூடியது மடங்கி உடம்போடு சேர்ந்தது. நுனிகள் இரண்டும் வெளியே நின்றன. டேனியலின் காலருகே உட்கார்ந்து, தலையைத் திருப்பி முதுகுக்குள் செருகிக்கொண்டது. அவர் குனிந்து இறக்கையின் மேல் கையை வைத்தார். அதை உள்ளே தள்ளிப் பார்க்கவில்லை.