பெரிய கிராணி தேர்ந்தெடுத்த டோன்

போன வாரம் பேத்தியோடு பினாங்கு ரோட்டில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். மின்சாரக் கித்தார் வாங்குகிறாளாம். கித்தாரின் வயரை ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி வாசிக்கிறாள், குமிழைத் திருகுகிறாள், "டோன் சரியில்ல தாத்தா" என்று அடுத்த பெட்டிக்குப் போகிறாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. காது போய்விட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் நானும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். மூலையில் இருந்த பெட்டிக்குக் கடைக்காரர் வெள்ளிக்கிழமைப் பூசையில் சந்தனம் பூசியிருந்தார். அந்த வாசனை பட்டதும் எனக்குப் பகீரென்றது. சந்தனத்துக்குப் பயப்படுகிற தமிழன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்க வேண்டியவர் பெரிய கிராணி. எங்கள் இசைச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு இசை தெரியும் என்று யாரும் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

சங்கத்தில் உருப்படியாக வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். என் கூட்டாளி தங்கராசு, துறைமுகக் கிடங்கில் மூட்டை நிறுக்கிறவன். அப்போது ஊரெல்லாம் ஹவாய் கித்தார் பைத்தியம் பிடித்திருந்தது. கித்தாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது. சங்கத்தின் பழைய மரக் கித்தாரில் அவன் ஓர் இழுப்பு இழுத்தால் தெருவில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவது என் வேலை. அதற்குமேல் சரக்கு இல்லை.

அந்த வருட ஆண்டு விழாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனி ஆள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் தங்கராசுவின் வாசிப்பு தட்டில் ஏறும். அவன் ராத்தூக்கம் மறந்தான். பெரிய கிராணிக்கோ, பெரிய மனுசர் வரும்போது பழைய மரக் கித்தாரா என்ற கவலை. சீனர் கடையில் புதிதாக வந்திருந்த மின்சாரக் கித்தாரையும் ஆம்பிளிஃபயர் பெட்டியையும் தேர்ந்தெடுக்க என்னையும் சேர்த்து ஏழு பேர் கமிட்டி போட்டார். தங்கராசு அதில் இல்லை. அவன் வெறும் வாசிக்கிறவன்தானே!

கமிட்டி கடைக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான்.

"அந்தப் புதுக் கித்தாரு வெறும் பலகைடா. கரண்டு இல்லேன்னா ஊமை. எதையாச்சும் வாங்கிக்கட்டும், பழசக் குடுத்துடாதீங்க. நீ ஒரு வார்த்தை சொல்லுலா."

சொல்கிறேன் என்றேன்.

கடையில் எங்கள் செயலாளர் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் கித்தாரைத் தட்டிப் பார்த்தார். பொருளாளர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் இருந்தால்தான் டோன் இருக்கும் என்றார். பெரிய கிராணி ஒவ்வொரு பெட்டியின் வார்னிஷிலும் முகம் பார்த்தார். மீசை தெளிவாகத் தெரிந்த பெட்டி தேர்வாயிற்று. போட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று கடைக்காரர் கெஞ்சினார். யாருக்கும் நேரமில்லை. பழசைக் கொடுத்தால் விலை குறையும் என்று பேச்சு வந்தது. சம்மதிக்கிறவர்கள் கைதூக்கச் சொன்னார் பெரிய கிராணி. நானும் தூக்கினேன். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

விழாவன்று பெட்டியை முன்னதாகவே போட்டுச் சூடேற்றியிருந்தான் தங்கராசு. உள்ளே கண்ணாடிக் குழல்கள் தணலாய்ச் சிவந்திருந்தன. புதுச் சாமானைப் பூசை போடாமல் தொடலாமா? சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. பெரிய கிராணி மாவிலைக் கொத்தோடு சொம்பை எடுத்தார்.

"தண்ணி மட்டும் வேணாங்கய்யா. உள்ள சூடா இருக்கு."

"தீர்த்தம் உனக்குத் தண்ணியாடா?"

முன்னால் மூன்று தரம் தெளித்தார். திருஷ்டி பின்னாலிருந்தும் வரும் என்று பின்பக்கச் சந்துகளிலும் தாராளமாகத் தெளித்தார். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். சந்தன வாசனையோடு கருகல் வாடை எழுந்தது. திரையும் எழுந்தது.

தங்கராசு ஒருகணம் பெட்டியைப் பார்த்தான். பிறகு பலகையை மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தான். கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் சத்தம். நான் தாளம் போடவில்லை. போட்டால் அந்தக் கொசுச் சத்தமும் கேட்காது. முழுப் பாட்டையும் வாசித்தான் பாவி. அப்படி அவன் வாசித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. முன்வரிசையில் பெரிய கிராணி தலையை ஆட்டினார், கமிட்டியும் ஆட்டியது. சிங்கப்பூர்க்காரர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்துவிட்டுப் பாதியில் எழுந்து போனார்.

முடிந்ததும் பெரிய கிராணி மேடையேறி மாலை போட்டார். "டோன் ஃபர்ஸ்ட் கிளாஸ்லா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கக்கேடு, நானும் தட்டினேன்.

மறுநாள் சீனர் கடைக்கு ஓடினேன். பழைய கித்தாரை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். புதுப் பலகை சண்டைக் காலத்தில் செயலாளர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு நறுக்க உதவிற்று. பெட்டியை நான் அப்புறம் பார்க்கவில்லை.

அன்றைய வாசிப்பு எந்தத் தட்டிலும் இல்லை. அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். தங்கராசு சண்டைக் காலத்தில் ஜப்பான்காரனுக்குச் சயாம் ரயில் பாதை போடப் போனவன், திரும்பவில்லை. நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன், அதனால் என் இடது காதில்தான் அது விழுந்தது. முதலில் போனது அந்தக் காதுதான்.