ராட்டினம் இல்லாத ஊரில் ஒரு மே மாதம்

மே மாதத்தில் ராஜபாளையத்துக்கு விருந்தாளியாக வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். காலை எட்டு மணிக்கே வெயில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. மலை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த மாதத்தில் அது பார்க்க மட்டும்தான். மாம்பழம் ஒன்றைத்தான் நாங்கள் பெருமையாக எடுத்து நீட்ட முடியும். அதுவும் எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் நன்றாகக் காய்த்த வருஷமாக இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு மே மாதத்தில்தான் என் வீட்டுக்காரரின் அக்கா, மெட்ராஸிலிருந்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மகளுக்குப் பத்து வயது. மதினியின் கணவர் முந்தைய வருஷம் இறந்துபோயிருந்தார். இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் முகம் சுளிக்க ஆரம்பித்து நாளாகியிருந்தது. இப்போது ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் மதினிக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். தங்குவதற்குப் பெண்கள் விடுதி. அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசனை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. பின்னிய இரட்டைச் சடையும் முறைத்த முகமுமாக அவள் வாசலில் வந்து நின்றபோதே இவள் இங்கேயே இருந்துவிட மாட்டாளா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் மதினி ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

வந்த அன்றைக்கு மதியம், பிள்ளை உள்ளறையில் படுத்த பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து மூன்று பேரும் பேசினோம். "அவளுக்கு இந்த ஊர் புடிக்கணும். புடிக்காத எடத்துல அழ விட்டுட்டுப் போனா எனக்கு அங்க ஒரு வேலையும் ஓடாது" என்றார் மதினி.

என் வீட்டுக்காரர் அக்காவின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "நீ ஏன்க்கா கவலப்படுத? லீவு முடியதுக்குள்ள பிள்ளைக்கு ஊரப் புடிக்க வச்சிருவோம். விட்டுட்டுப் போற விசயத்த மட்டும் இப்பச் சொல்லாத."

அவர் பஞ்சு மில்லில், நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். அந்த மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் வருஷக்கணக்காக நிற்கிறவர்களுக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போய்விடும். வீட்டில் அவர் என்னிடம் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து தருவாள். அன்றைக்கு அவர் பேசியதை ரகசியம் என்று நாங்கள் மூன்று பேரும் எப்படி நம்பினோம் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். எங்கள் வீட்டில் அந்தக் குரல்தான் ரகசியக் குரல், அவ்வளவுதான்.

ஊரைப் பிடிக்க வைக்கும் வேலை மறுநாளே ஆரம்பித்தது. அதில் ஒரு சிக்கல். அவருக்கு அப்போது முழு நைட். இரவு முழுக்க மெஷினோடு நின்றுவிட்டு விடிந்த பிறகு வீட்டுக்கு வருகிற ஷிப்டுக்கு மில்லில் அதுதான் பெயர். வந்ததும் குளித்து, சாப்பிட்டு, பகலில் தூங்க வேண்டிய மனுஷன், "கெளம்புங்க, எங்க போவோம்?" என்று நின்றார்.

முதலில் அய்யனார் அருவி. மலையில் மழை பெய்ததாக மில்லில் யாரோ சொன்னார்களாம். தோப்புகளைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்தால், பாறைக்கு நடுவில் கை கழுவுகிற அளவுக்குத் தண்ணீர். பிள்ளை அதைச் செத்த நேரம் பார்த்தாள்.

"எங்கப்பா என்னைத் தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க தண்ணி மேலேர்ந்து கொட்டும். சறுக்கிட்டே கீழ வரலாம். சுவிட்ச் போட்டா போதும்."

"இங்கயும் சுவிட்ச் இருக்கு தாயி" என்று என் வீட்டுக்காரர் வானத்தைக் காட்டினார். "ஐப்பசியிலதான் போடுவாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினார். மதினி, "ஊர் எப்படி இருக்கு?" என்று மகளிடம் கேட்டார். "புடிக்கல" என்றாள்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைக் காட்டினோம். தேரைக் காட்டினோம். அந்தத் தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் நானே சின்னப் பிள்ளை ஆகிவிடுவேன். அவள், "இது சுத்துமா?" என்று கேட்டாள். ஆடி மாதத்தில் ஓடும் என்றேன். "தீம் பார்க்குல ராட்டினம் தினமும் சுத்தும்" என்றாள்.

எனக்கு அந்தத் தீம் பார்க்கின் மேல் கோபம் கோபமாக வந்தது. பார்த்திராத இடத்தின் மேல் அவ்வளவு பகை எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

கடைசி ஆயுதமாகப் பால்கோவா. கடையின் பின்பக்கம் விறகடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அகலமான இரும்புச் சட்டிக்குள் ஒருவர் விடாமல் கிண்டிக்கொண்டே இருந்தார். பிள்ளை அங்கேயே நின்றுவிட்டாள். சூட்டோடு தாளில் வைத்துக் கொடுத்தார்கள். வழித்துச் சாப்பிட்டாள். தாளில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து அதையும் சாப்பிட்டாள். "நல்லாருக்கா?" என்றேன். விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நல்லால்ல" என்றாள்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர்களிடம் வெள்ளையாக உயரமாக ஒரு நாய் இருந்தது. எங்கள் ஊர் பெயரைச் சொல்லித்தான் அந்த ஜாதி நாயை எல்லா ஊரிலும் கூப்பிடுவார்கள். அந்த வீட்டம்மா, "ரா தல்லி, ரா" என்று பிள்ளையைக் கூப்பிட்டு, தெரியாதவர்களை அண்டவிடாத அந்த நாயின் தலையில் அவள் கையைப் பிடித்து வைத்தார். மறுநாளிலிருந்து நாய் இவளைக் கண்டால் வாலாட்டியது. "நாய் புடிச்சிருக்கா?" என்று மதினி ஆசையாகக் கேட்டார். "நாத்தமடிக்குது" என்று பதில் வந்தது.

மதினியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது. வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவில் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, பிள்ளையைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருந்தது. எதைக் காட்டினாலும் பிடிக்கவில்லை என்றால் என்னதான் செய்வது?

என் வீட்டுக்காரரின் வார லீவு அன்று பிளவக்கல் அணைக்குப் போனோம். மதினிக்குத் தலைவலி, வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்புப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். முதல்நாள் இரவும் வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டே வந்தார். அணையில் தண்ணீர் கீழே எங்கேயோ கிடந்தது. ஆனாலும் மலை அங்கே ரொம்பக் கிட்டத்தில் இருக்கும், காற்றும் நன்றாக இருக்கும். மரத்தடியில் புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். கடைசி வாய் உள்ளே போகும் முன்பே அவர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

நான் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத சத்தம் அது. அப்படியே நின்று பார்த்தேன்.

பிள்ளை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முடியிலும் காதிலும் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் வேப்பங்குழை, ஈ விரட்ட. அவர் தூக்கத்திலும் மில்லில்தான் இருப்பார். "ஏலே, நூலு அந்துருச்சு பாரு!" என்று கத்தினார்.

"ஒட்டிட்டேன் மாமா!" என்று இவள் பதில் சொன்னாள்.

"அந்தப் பக்கம் பாருலே!"

"அதையும் ஒட்டிட்டேன் மாமா!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். உடனே சிரிப்பு நின்றது. வேப்பங்குழையைக் கீழே போட்டுவிட்டு, "இங்கயும் புடிக்கல அத்தை" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபப்படத்தான் நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை. "இப்ப எம்புட்டு அழகாச் சிரிச்ச. பொறவு ஏம்ட்டி புடிக்கலன்னு சொல்லுத?"

கீழே கிடந்த வேப்பங்குழையிலிருந்து ஓர் இலையைப் பறித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வந்த அன்னிக்கே மாமா அம்மாகிட்ட ரகசியம் சொன்னாங்கல்ல. எனக்குக் கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டிருக்கும்."

நான் தூங்குகிறவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு எல்லாம் புடிச்சிருக்கு அத்தை. பால்கோவா ரொம்பப் புடிச்சிருக்கு. அந்த நாய்கூட. ஆனா புடிச்சிருக்குன்னு சொன்னா அம்மா என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க. நான் சொல்லாம இருந்தா போக மாட்டாங்க."

ஒரு பத்து வயதுப் பிள்ளை, சூட்டோடு பால்கோவாவைத் தின்றுவிட்டு நன்றாக இல்லை என்று சொல்ல என்ன பாடு பட்டிருக்கும்! அருவியில் அவள் உதட்டைக் கடித்தது எரிச்சலில் இல்லை, சிரிப்பை அடக்கத்தான். இது எதுவும் புரியாமல் நான் தீம் பார்க்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மாமா எழுந்திருக்கும் வரை அப்படியே கிடந்தாள்.

அன்று சாயங்காலமே மதினியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பிள்ளை உள்ளே இருந்ததால் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்று பேசினோம். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, வேலைக்குப் போகவில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டே திரும்பிவிடுகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"வேலைய விட்டா என்னக்கா பண்ணுவ?" என்றார் என் வீட்டுக்காரர். "அவிய வீட்டுல உன்ன இருக்க விடமாட்டேங்காகன்னு நீதான சொன்ன? பிள்ளையோட தெருவுலயா நிப்ப?"

"மெதுவாப் பேசுங்க" என்று அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். மெதுவாகத்தான் பேசுகிறேன் என்றார்.

நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். மனசோடுதான் சொன்னேன். மதினி தலையை ஆட்டிவிட்டார். தம்பி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியாது, அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். வேலைதான் வேண்டும், அதுவும் அந்த வேலைதான் கிடைத்திருந்தது. ஆனால் பிள்ளையை அழவைத்துவிட்டுப் போக மாட்டேன் என்பதிலேயே நின்றார்.

கிளம்புகிற நாளில் இரண்டு பேருடைய பையையும் கட்டினோம். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மதுரை பஸ் ஏறுவது என்று ஏற்பாடு. கோயிலில் பிள்ளை கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் என் கையை விடவே இல்லை. எனக்கு அவளை அனுப்ப மனசே இல்லை, அதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

மதுரை பஸ் வந்தது. என் வீட்டுக்காரர் முண்டியடித்து ஏறி, இரண்டு பைகளையும் சீட்டில் போட்டு இடம் பிடித்தார். மதினி படியில் கால் வைத்தார். பிள்ளை அவருக்கு முன்னால் ஓடி உள்ளே ஏறினாள். தன் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மறுபடியும் கீழே இறங்கினாள்.

"அம்மா, எனக்கு இந்த ஊர் புடிச்சிருக்கு."

மதினி படியிலேயே நின்றுவிட்டார்.

"நெசமாத்தாம்மா. பால்கோவா, நாய், மாமா தூக்கத்துல கத்துறது, எல்லாம் புடிச்சிருக்கு. தீம் பார்க்கைவிட நல்லாருக்கு. நான் அத்தைகூடவே இருந்துக்கறேன். நீ போய் வேலையில சேரும்மா."

சொல்லும்போது சிரித்தாள். பல்லெல்லாம் தெரியும்படி நல்ல சிரிப்பு. மதினி என் முகத்தைப் பார்த்தார். கொல்லையில் பேசியதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது. அம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதைக் கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறாள். அதை நான் மதினியிடம் எப்படிச் சொல்வேன்? பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"ஏம்மா, ஏறுதியளா இல்லியா? நேரமாச்சு" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

மதினி இறங்கி மகளைக் கட்டிக்கொண்டார், பிறகு ஏறினார். ஜன்னல் ஓரம் வந்து உட்கார்ந்து, அழுதபடியே சிரித்தார். அவர் மனசு நிம்மதியானதை நான் கண்ணால் பார்த்தேன். பஸ் நகர்ந்தது. பிள்ளை எம்பி எம்பிக் கை காட்டினாள். சிரித்துக்கொண்டே காட்டினாள்.

நடுவில் வேறு பஸ்கள் வந்து மறைத்தன. அவள் உயரத்துக்கு எதுவும் தெரியவில்லை. கையைக் கீழே விடாமல் கேட்டாள்: "அத்தை, பஸ் திரும்பிடுச்சா?"

"திரும்பிருச்சு தாயி."

"இனிமே ஜன்னல்லேர்ந்து அம்மாவுக்கு என்னைத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

அதற்குப் பிறகுதான் கையைக் கீழே இறக்கி, என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.