பெரியக்கா கடைசியாகப் பேசிய இத்தாலிப் பேச்சு

சிவபெருமான் திருவடியை நினைத்து, எங்கள் பெரியக்கா மறைந்த முப்பத்தோராம் நாளில் இதை எழுதுகிறேன். அதிகம் படித்தவன் அல்ல நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புங்குடுதீவில் பிறந்த பெரியக்கா, எங்கள் எல்லோருக்கும் முன்பே தனியாக ரொறன்ரோ வந்தவர். இத்தாலிய விதவை ஒருவரின் வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்து, தையல் வேலை செய்து, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஆங்கிலம் வராது, அக்காவுக்கும் வராது. கராஜில் இருவரும் தக்காளி காய்ச்சிப் போத்தலில் அடைத்த நேரங்களிலேயே அந்த அம்மாவின் கிராமத்து இத்தாலிப் பேச்சு அக்காவுக்குப் படிந்துவிட்டது. அந்த அம்மாவின் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள். கடைசிவரை அவரோடு வாய்விட்டுப் பேசியது எங்கள் அக்காதான்.

அந்த அம்மா காலமான பின், அக்கா ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் நோயில் விழுந்தார். தமிழ் நின்றுபோனது. நாங்கள் தேவாரம் பாட, அவர் சுவரைப் பார்த்து இத்தாலிப் பேச்சில் பேசினார். குரலும் அக்காவின் குரலாக இல்லை.

"உது உங்கட அக்கா இல்லைத் தம்பி. செத்த மனுசி வந்து நிண்டு கதைக்குது. வைரவருக்கு நேந்து நூல் கட்டு," என்றார் பக்கத்து வீட்டு அன்ரி.

"வாடகை கேக்க வந்திருக்கிறா எண்டுறியளோ அன்ரி?" என்றாள் என் மனைவி. நான் நூல் கட்டினேன். அக்கா அக்காவாகவே போய்ச்சேர வேண்டுமே என்ற பயம் எனக்கு.

பேச்சு நிற்கவில்லை. அந்த அம்மாவின் மகன் தோனியை வரச்சொன்னோம். ஜக்கற்றைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் மகள் தமிழில் சொன்னாள்: "அவருக்கும் ஹாஃப்தான் விளங்குதாம் அப்பா. சாப்பாடு ஆறுது, எல்லாரும் வந்து இருங்கோ எண்டு மாமி சொல்லுறாவாம்."

அப்போதே நூலை அவிழ்த்தேன். எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் அக்காதான்.

பிறகு அக்கா தோனியைப் பார்த்து, அவருடைய தாய் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொன்னார். அவர் முழந்தாளிட்டு வாய் திறந்தார். அந்தப் பேச்சில் பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அக்கா பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா சிவபதம் அடைந்தார். கடைசிச் சொல்லும் தமிழில்லை. ஆண்டவனுக்கு எல்லாப் பேச்சும் விளங்கும்.

சமைத்துத் தந்தவர்கள், கிரியை செய்த ஐயா, தேவாரம் ஓதியவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தோனிக்கும் நன்றி. "உங்கள் ஆட்களில் வேறு யாராவது எங்கள் அம்மாவின் பேச்சைப் பேசுவார்களா?" என்று செத்தவீட்டில் கேட்டார். இல்லை என்றேன். பெட்டி மூடும்வரை அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.