மூன்று விரல் பிடி

மரம் அரியும் ஒரு பழைய செயின் வாளில் இருந்த பித்தளைப் பிடியை நான் கழற்றி ஒளித்தேன். அதைத் தேடி வந்த பெண்ணிடம், அப்படி ஒன்று இருக்கவேயில்லை என்று சொன்னேன். பழைய இயந்திரங்களை மதிப்பிடும் தொழிலுக்கு வரும் இளையவர்கள் அனுபவக் குறிப்புகள் கேட்டார்கள். இதை எழுதாமல் மற்றவற்றை எழுத எனக்கு ஏலாது.

துறைமுகப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றபின், திருகோணமலை நகரில் பழைய சாமான் விற்கும் சிவலிங்கம் முதலாளியின் கடையில் மதிப்பீட்டாளராக இருந்தேன். கப்பல் மணி, திசைகாட்டி, டீசல் எஞ்சின் எல்லாம் வரும். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் கொழும்பில் வாங்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

1. ஆடாத வாள்

அந்த வாளை மூதூரிலிருந்து ஒரு பழைய இரும்புக்காரர் கொண்டுவந்தார். இரண்டு பேர் பிடித்து மரம் அரியும் பழங்காலத்து வகை. ஒருவர் எஞ்சின் பக்கம் பிடிப்பார். செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பாரின் மறுமுனையில் இன்னொருவர் பிடிக்க ஒரு கைபிடி இருக்கும். அதைத் தொழிலில் வால்பிடி என்போம்.

பழைய வாள் அசலா என்று பார்க்க முதலில் பெயர்த்தகட்டின் ஆணிகளைப் பாருங்கள். அசல் தகடு, ஆணியின் தலையைத் தட்டித் தறையப்பட்டிருக்கும். ஸ்குரூ போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் உடலிலும் கியர் பெட்டியிலும் உள்ள வார்ப்பு அடையாளங்கள் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பெயின்ட்டை எங்காவது ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். அடியில் துரு இருந்தால், யாரோ பின்னால் பூசியது.

இந்த வாள் எல்லாவற்றிலும் தேறியது. வால்பிடி மட்டும் அசல் இல்லை. பித்தளைக் குழாயொன்றை யாரோ அடித்து உறையாக்கி மாட்டியிருந்தார்கள். அதில் பெருவிரலையும் சேர்த்து விரல் பதிய மூன்று பள்ளங்கள். என் கையை வைத்துப் பார்த்தேன். மோதிர விரலும் சின்ன விரலும் இடமில்லாமல் வெளியே தொங்கின.

செயினைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மேசைக் கிடுக்கியில் இறுக்கி ஸ்டார்ட் பண்ணினேன். இந்த வகை வாளில், மறுமுனையை ஒருவரும் பிடிக்காவிட்டால் பார் பேய்பிடித்தது போல உதறும். இது உதறவில்லை. எஞ்சின் அலறியது, மேசை நடுங்கியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாரின் முனை மட்டும் அசையாமல் நின்றது.

முதலாளி வாசலில் நின்று பார்த்தார். "அந்தப் பக்கம் ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பித்தளையின் பாரம் அதிர்வைக் குறைத்திருக்கலாம். இன்றைக்கும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

2. சான்றிதழ்

"கொழும்பு ஆள் முழு அசல் எண்டால்தான் எடுப்பார். உந்தப் பித்தளையைக் கழட்டிப்போடுங்கோ ஐயா," என்றார் முதலாளி.

கழற்றினேன். பழைய மரத்தில் ஒரு பிடி கடைந்து, கழிவு எண்ணெயில் ஊறவைத்துக் கறுப்பாக்கி மாட்டினேன். 'மாற்றங்கள் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். பார் மேசையைத் தட்டித் தட்டி உதறியது. கிடுக்கியே கழன்றுவிடும் போலிருந்தது.

பித்தளை உறையை எறிய மனம் வரவில்லை. மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டேன்.

3. பவளம்

வாளைப் பெட்டியில் அடைத்து லொறிக்குக் காத்திருந்த நாளில், கிளிவெட்டியிலிருந்து பவளம் என்ற பெண் வந்தார். அவருடைய ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் கடையில் அந்தப் பிடியைக் கண்டு போய்ச் சொல்லியிருக்கிறார்.

"என்ர மனிசன் தங்கராசா, ஐயா. வால்பிடிக்கப் போறவர். ஆருக்கு வால்பிடிக்கிறாய் எண்டு ஊரில பகிடி பண்ணுவினம். ரெண்டு விரல் மரத்துக்குள்ள நசுங்கிப் போச்சு. அதுக்குப் பிறகு தானே பித்தளையில ஒரு பிடி அடிச்சவர். சண்டைப் பிரச்சினை நேரம் மரம் அரியக் காட்டுக்குப் போனவர் திரும்பி வரேல்ல. வாளும் வரேல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சான்றிதழை நினைத்தேன்.

"அது வேற வாள், அம்மா. அதில பித்தளை ஒண்டும் இல்லை."

"எனக்கு வாள் வேண்டாம் ஐயா. அதை ஆர் குடுத்தது, எங்க எடுத்தது எண்டு மட்டும் தெரிஞ்சால் காணும். அந்த முனையை ஒருக்காக் காட்டுங்கோவன்."

"பெட்டி அடிச்சாச்சு. ஏலாது."

உறை இருந்த லாச்சி என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. அவர் "ஓம்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிலையப் பக்கம் நடந்தார்.

4. தேநீர்க் கோப்பை

உறையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. சில வருடங்கள் அலுமாரியில் கிடந்தது. வெயில் காலத்திலும் தொட்டால் காட்டு ஓடைத் தண்ணீரைத் தொட்டதுபோல் குளிரும்.

ஒரு காலை என் மனைவி கேட்டார்: "என்னப்பா, உங்கட விரலுக்கு என்ன?"

தேநீர்க் கோப்பையை மூன்று விரலால் பிடித்திருந்தேன். மற்ற இரண்டும் மடங்கிக் கிடந்தன. எப்போதிருந்து என்று கேட்டேன். "கனகாலமா அப்படித்தான் பிடிக்கிறியள்," என்றார். வைத்தியர் நரம்பில் ஒன்றுமில்லை என்றார்.

அதன்பிறகுதான் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து, உறையை ஒரு துவாயில் சுற்றி என் மடியில் வைத்தார்.

5. திருப்பிக் கொடுத்தது

கொழும்பில் வாங்கியவருக்கு உண்மையை எழுதி, வாளை நானே திரும்ப எடுத்தேன். "இனி உங்கட கையெழுத்தை நாய்கூட நம்பாது," என்றார் முதலாளி. சரியாகத்தான் சொன்னார்.

அடுத்து மூதூருக்குப் போனேன். அந்த வாளை எந்த இடத்தில் எடுத்தது என்று இரும்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு பவளத்திடம் போக நினைத்தேன். இரும்புக்காரரின் மகன் கதிரை தந்து இருத்தினார். "வாப்பா மௌத்தாகி ரெண்டு வருசம். எந்தச் சாமானை எங்க எடுத்தது எண்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

பவளம் வந்த நாளில் இரும்புக்காரர் உயிரோடு இருந்தார். கடையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

வாளோடு கிளிவெட்டிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பவளம் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உறையை வாங்கி, பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். நான் சொல்லி முடித்ததும், "அப்ப அண்டைக்கே கேட்டிருக்கலாம், என்ன?" என்றார். "ஓம்," என்றேன்.

"இதைப் போட்டு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ."

முற்றத்தில் கிடந்த பாலை மரக் குற்றியில் எஞ்சினைக் கட்டினேன். என் மரப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளையை மாட்டினேன். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்தது. கோழிகள் சிதறி ஓடின. குற்றி அதிர்ந்தது.

பாரின் முனை அசையவில்லை.

பவளம் அந்த முனையின் அருகே போய் நின்றார். பிடியைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, ஒரு ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு பொருளில் பின்னால் சேர்ந்ததை எல்லாம் குறை என்று கணக்கெடுக்கப் பழகியவன் நான். இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எதையும் கழற்றுவதற்கு முன், அதை யார் மாட்டியது என்று விசாரியுங்கள்.

பவளம் என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

"நிப்பாட்டுங்கோ ஐயா. காணும். அவருக்குக் கை நோகும்."